பாரமில்லாத இருட்டு

தட்டில் வைத்த குல்லாவைப் பற்றித் தராசு வாயே திறக்கவில்லை. தனகோடி அதை எடுத்துத் திரும்பவும் வைத்தாள். சைபர். தட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். விரலின் கனம் காட்டியது. விரலை எடுத்தால் பழையபடி சைபர்.

"தராசு கெட்டுப்பூடுச்சா சார்?"

"தராசுக்கு ஒன்னுமில்லக்கா. குல்லாவுலதான் கனம் இல்ல," என்றான் சர்புதீன். கீழக்கரைக்காரன். அந்தப் பட்டறையில் இருந்த இஞ்சினியர்களில் தமிழ் பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

பாலைவனத்தை ஒட்டிய அந்த நகரத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் வேட்டைக்கு வல்லூறு வளர்ப்பார்கள். வேட்டை இல்லாத நேரத்தில் பறவையின் தலையில் கண் மறைய ஒரு தோல் குல்லாவை மாட்டிவிடுவார்கள். அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணால் காணாததற்குப் பறவை பயப்படாது. ஆளைக் கண்டும் வண்டியைக் கண்டும் மிரண்டு சிறகை ஒடித்துக்கொள்ளாது. அந்தக் குல்லா தைக்கிற பட்டறையில்தான் தனகோடிக்கு வேலை. பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துப் பழகிய கை அவளுடையது.

"வெங்காயச் சருகு மாரி கீதே சார், இன்னாத்துல செஞ்சது?"

"கரியில. இதுக்கு முன்னால வெங்காயச் சருகெல்லாம் கம்பளிக்கா. கரண்டு பாஞ்சா கன்னங்கரேல்னு ஆயிரும், நிறுத்துனா கண்ணாடி. பறவையோட உடம்புச் சூடே அதுக்குக் கரண்டு. இனிமே குல்லாவக் கழட்டவே வேணாம். இருட்டுக்கு ஒரு பட்டன், வெளிச்சத்துக்கு ஒரு பட்டன்."

பறவை மேய்க்கிற கருமலை பக்கத்தில் நின்றிருந்தார். கமுதிப் பக்கத்து ஆள். கையுறை போட்ட முஷ்டியில் செவலை உட்கார்ந்திருந்தது. அந்தப் பெட்டை வல்லூறுக்கு அவர் வைத்த பேர் அது. தோல் குல்லாவை மாட்டும்போது பின்னால் இருக்கும் வார்களில் ஒன்றைப் பல்லால் கடித்து, மற்றதைக் கையால் இழுத்து இறுக்க வேண்டும். இன்னொரு கையில்தான் பறவை இருக்கிறதே.

"இத்தன வருசமா வாரக் கடிச்சு என் பல்லு தேஞ்சதுதேன் மிச்சம்," என்றார் கருமலை. "பட்டன் வந்துட்டா எனக்கென்ன சோலி இருக்கு?"

"பல்லுக்காச்சும் ஓய்வு குடுண்ணா. மிச்சம் கீறத வெச்சி முறுக்கு கடிக்கலாம்."

தோல் போகிறதே என்று தனகோடிக்குத் துளி வருத்தமும் இல்லை. அவள் அப்பன் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி இறங்கிப் பாதம் வெந்து செத்தவன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரி நகர்ந்து உட்காருவாள், அந்த நாற்றத்துக்கு. இந்தச் சருகுக்கு நாற்றமும் இல்லை, கனமும் இல்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

செவலைக்கு மாட்டி சர்புதீன் பட்டனை அழுத்தினான். பறவை உட்கார்ந்தபடியே கல்லாகிப்போனது.

"தோல மாட்டுனா ஒருக்காலாவது தலைய உதறும்," என்றார் கருமலை, முகத்தைச் சுளித்து. "இது உதறவே இல்லயே."

"எத உதறும்? தலையில ஒன்னு இருக்கதே அதுக்குத் தெரியாதுல்ல?" என்றான் சர்புதீன்.

மூன்று பேரும் சிரித்தார்கள்.

அந்தப் பட்டறையில் விளக்குகூட ஒரு தினுசு. ஆள் அசைந்தால் எரியும், அசைவு நின்றால் தானாக அணைந்துவிடும். கருமலை ஒவ்வொரு தடவையும் டவுன்பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்கி ஆட்டி, "ஏறிக்கிறேன், ஏறிக்கிறேன்" என்பார். விளக்கு வரும்.

*

தனகோடியின் புருஷன் கன்னியப்பனுக்கும் அதே ஊரில்தான் வேலை. வானத்தைத் தொடுகிற கட்டடங்களில் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கும் தொட்டிலில் தொங்கி வெளிச்சுவருக்குக் கண்ணாடி மாட்டுவான். ஆளுக்கொரு முகாம். வெள்ளிக்கிழமை மட்டும் குஞ்ஞுமோன் டீக்கடையில் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் டம்ளரைத் தொடவே இல்லை. கூட வேலை பார்த்த தேவசகாயம் அந்த வாரம் மேலேயிருந்து விழுந்திருந்தான்.

"கீழ பாத்தா கால் ரெண்டும் தறி மாரி ஆடுதுமே. சூப்ரவைசர் பாத்துட்டான்னா ஊருக்கு டிக்கெட் குட்துடுவான்."

"குட்தா போயேன். உசுரு பெருசா வேல பெருசா?"

"போயி? எங்கப்பனும் உங்கப்பனும் எறங்குன சுண்ணாம்பு குழியில என்னியும் எறங்க சொல்றியா?"

 மறுநாள் மேசையில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது, கல்லாய் உட்கார்ந்திருந்த செவலை கண்ணில் பட்டது. சர்புதீனைக் கூப்பிட்டாள்.

"சார், பறவைக்கு பயம் போவுதே, மனுசனுக்கு போவாதா?"

அவன் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த வாரமே முகத்தை மூடுகிற அளவுக்குச் சருகு வெட்டிக் கொண்டுவந்தான். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி. கண் கீழே போனால் கீழ்ப்பாதி மட்டும் தானாக இருண்டுவிடும். கன்னியப்பனின் முகம் அவளுக்கு மனப்பாடம். அளவு எடுக்காமலே தைத்தாள்.

"கீழன்னு ஒன்னு இல்லவே இல்லமே!" என்று அடுத்த வெள்ளிக்கிழமை வந்து நின்றான் அவன். மூன்று டீ குடித்தான். "செவுரு கீது, நான் கீறேன். அவ்ளோதான். மூஞ்சில ஒன்னு கீதேன்னே தெரியல. அப்டியே பஸ்ஸுல ஏறிட்டேன், பசங்கோதான் 'இன்னா மாமா, குல்லாவோட பொண்ணு பாக்க போறியா'ன்னு கேட்டானுங்கோ."

கட்டடக் கம்பெனிக்காரன் விடுவானா? எல்லோருக்கும் வேண்டும் என்றான். கூடவே இன்னொன்றும் கேட்டான். காற்று பேயாக அடிக்கும்போதுதான் ஆட்கள் பதறிப்போய் விழுகிறார்கள். அந்த நேரம் கீழேயிருந்து ஒரே பட்டனில் எல்லோர் கண்ணையும் இருட்டாக்கிவிட்டால்? ஆக்கினார்கள். காற்று வந்தால் இருட்டு வரும். ஆட்கள் பிடித்த பிடியில் அப்படியே நிற்பார்கள். காற்று போனதும் வெளிச்சம் வரும், வேலை ஓடும். அதற்குப் பிறகு ஒருவர்கூட விழவில்லை. முதலாளி பட்டறைக்கே பிரியாணி போட்டார். தனகோடியை மேசைக்குத் தலைவியாக்கினார்கள்.

தைத்து முடிந்த ஒவ்வொரு குல்லாவையும் அவள்தான் தன் முகத்தில் மாட்டிச் சோதிப்பாள். மேசை விளக்குக்கு நேரே உட்கார்ந்து இருட்டுப் பட்டனை அழுத்துவாள். தையலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் கசியும். கொஞ்சம் அசைந்தாலும் அது கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே மூச்சைக்கூட மெதுவாக விட்டு, சிலை மாதிரி இருப்பாள். நாளெல்லாம் அதுதான் வேலை.

*

ஒருநாள் செவலையின் உடலைத் துண்டில் சுற்றிக்கொண்டு கருமலை உள்ளே வந்தார். மேசைமேல் கிடத்தினார். கால்களில் கட்டிய பித்தளை மணிகள் ஒருமுறை கிணுங்கி ஓய்ந்தன.

"குல்லாவோட பறக்க விட்டீங்களா?" என்றான் சர்புதீன்.

"இல்ல தம்பி. மொதலாளி வீட்டு விருந்தாளிக படம் புடிக்கணும், மூஞ்சி தெரியணும்னாக. கழட்டித்தேன் விட்டேன். சும்மா அம்பு கணக்கா மேல ஏறுச்சு. ஒத்த மேகம் வந்துச்சு தம்பி, ஒத்த மேகம். நெழலு மேல விழுகவும் செறக மடக்கிருச்சு. எரையப் பாத்துப் பாயுதுன்னு நெனச்சு விருந்தாளிக கை தட்டுறாக. கீழ எரையே இல்ல."

சர்புதீன் பறவையின் தலையை விரலால் தடவினான். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

"தோல் குல்லான்னா மொதல்ல கனம் வரும், பின்னாடி இருட்டு வரும்," என்றான். "கனம் போகும், வெளிச்சம் வரும். இருட்டு நம்ம தலையில உக்காந்திருக்குன்னு பறவைக்குத் தெரியும். அதான் உதறிப் பாக்குது. நம்ம குல்லாவுல கனம் இல்லல்ல? இருட்டு எங்கேருந்து வருதுன்னே அதுக்குத் தெரியாது. வானமே அணைஞ்சுபோச்சுன்னு நெனைச்சுக்கும். வானம் அணைஞ்சா அசையக் கூடாது. அத மட்டும் நல்லாக் கத்துக்கிருச்சு."

"குல்லா இல்லாதப்பக்கூடவா?"

"குல்லா இருக்கதே தெரியாததுக்கு, இல்லாதது மட்டும் எப்படிண்ணே தெரியும்?"

 தனகோடி செவலையைப் பார்க்கவில்லை. அவள் மேசை ஓரத்தில் குல்லாக்கள் அடுக்கியிருந்தன, மனுஷ முக அளவில்.

*

வெள்ளிக்கிழமை டீக்கடையில் கன்னியப்பன் வழக்கம்போல் வாயாடிக்கொண்டிருந்தான். டம்ளரைத் தூக்கி வாயில் சாய்த்தான். அந்த நேரம் பெரிய பஸ் ஒன்று வந்து கடை வாசலை அடைத்து நின்றது. வெயில் மறைந்தது.

அவன் அப்படியே நின்றுபோனான். சாய்ந்த டம்ளரிலிருந்து டீ வழிந்து தாடை, கழுத்து, சட்டை எல்லாம் ஓடியது. ஆவி பறக்கிற டீ. கண்கூட இமைக்கவில்லை. குஞ்ஞுமோன் "ஐயோ, எந்தா சேட்டா!" என்று துணியோடு ஓடிவந்தார். பஸ் கிளம்பியது. வெயில் வந்தது.

"...அப்பால அவன் இன்னா சொன்னான் தெரியுமா?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கிய கன்னியப்பன், சட்டையைப் பார்த்தான். "ஐய, யாரு கொட்னதுமே?"

தனகோடி அவன் கையைப் பிடித்தாள். நடந்ததைச் சொன்னாள். செவலையைச் சொன்னாள்.

"தெரியும்," என்றான் அவன் அலட்சியமாக. "ரூமுல எல்லாரும் அப்டித்தான். கரண்டு போனா ஒருத்தன் சோத்துக்கைய வாயாண்ட வெச்சிகினே நிப்பான். ஒருத்தன் பேண்ட்டுல ஒரு காலு. வந்ததும் சிரிச்சிக்குவோம்."

"ஒரு கால தொட்டில்ல வெச்சி ஒரு கால செவுத்து மேல வெச்சி ஏறச்சொல்லோ மேகம் வந்தா?"

"இங்க ஏது மேகம்?"

"செவலைக்கும் ஒத்த மேகந்தான்யா வந்துச்சி."

அவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். "பயமில்லாம தூங்கறேன். அது புடிக்கலியா உனுக்கு?"

*

சர்புதீன் மேலிடத்தில் பேசித்தான் பார்த்தான். தொங்கிய முகத்தோடு வந்து அவள் மேசை முன்னால் நின்றான்.

"அசையாதவன் விழமாட்டான்னு சொல்றாங்கக்கா. அது பொய்யும் இல்ல. யாரும் விழலல்ல?"

"கனம் சேத்தா சரியாவுமா சார்?"

"ஆகலாம். ஆனா கனமே இல்லன்னு சொல்லித்தான வித்திருக்கோம்? கனத்தோட குடுத்தா அது வெறும் தோல் குல்லா." குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் தூக்கமில்ல. இதுக்கு மேல கேட்டா என்னைய அனுப்பிருவாங்க. எனக்கப்புறம் வர்றவனுக்குச் செவலைன்னு ஒன்னு இருந்ததே தெரியாது."

அவள் மேற்கொண்டு அவனை நெருக்கவில்லை. கருமலையிடம் போனாள்.

"அண்ணா, செவலை கால்ல இருந்த மணிங்கோ எங்க?"

"செத்ததோட மணி உனக்கெதுக்குத்தா?"

"உசுரோட கீறதுக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். இரண்டு பித்தளை மணிகள். குண்டூசி முனையால் நாக்கைப் பிடுங்கி எறிந்தாள். ஓசை வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். கன்னியப்பனின் குல்லாவைத் தையல் பிரிந்திருப்பதாகச் சொல்லி வாங்கி, நெற்றிப் பட்டைக்குள் இரண்டையும் வைத்துத் தைத்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பிரித்துவிடுவான்.

மறுநாள் கட்டட உச்சியில் அவன் அதை மாட்டினான். தொட்டில் இறங்கியது. காற்று வந்தது, இருட்டு வந்தது. மற்றவர்கள் கல்லாய் நின்றார்கள். அவன் மட்டும் தலையை உதறினான்.

நடந்ததை அவனே பிறகு சொன்னான். "நெத்தியில யாரோ கை வெச்ச மாரி இருந்துச்சிமே. கண்ண யாரோ பொத்தறாங்கன்னு தெரிஞ்சிபோச்சி. அப்பதான் தோணுச்சி, நான் எங்க தொங்கிகினு கீறேன்னு." குல்லாவைப் பிய்த்து எறிந்திருக்கிறான். கீழே பார்த்திருக்கிறான். அவன் போட்ட கூச்சல் தெருவரைக்கும் கேட்டதாம். தொட்டிலை மேலே இழுத்து, நாலு பேர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

டிக்கெட் உடனே வந்தது. மணி வைத்தது தான்தான் என்று தனகோடி அவனிடம் சொல்லிவிட்டாள். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் சொன்னான்: "எத்தினியோ பேரு ஏறுறானுங்கோ. எம் பொண்டாட்டிதான் என் கால ஒட்ச்சா."

"உசுரோட கீற இல்ல?"

"குழியில எறங்கறதுக்கு உசுரு வோணும்தான்."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

அந்த நெற்றிப் பட்டையைக் கட்டடக்காரன் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் பட்டறை வாசலில் ஒரு தராசு முளைத்தது. வெளியே போகிற ஒவ்வொரு குல்லாவும் அதில் ஏற வேண்டும். சைபர் காட்டாதது குப்பைக்கு. யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாக்கில்லாத இரண்டு மணிகளும் ஒருநாள் காலை அவள் மேசைமேல் கிடந்தன. சர்புதீன் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து போனான்.

அவள் தைத்தாள். வேறென்ன செய்வாள்? மகள் பூவிழி பிளஸ் டூ முடிக்க வேண்டும். குழியை நினைத்துப் பயப்படாத முதல் ஆளாக அந்த வீட்டில் அவளாவது இருக்க வேண்டும். தைத்த ஒவ்வொன்றையும் முகத்தில் மாட்டி, பட்டனை அழுத்தி, மூச்சடக்கி, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். கசியவில்லை. நல்ல தையல்.

*

ஊருக்குப் போன கன்னியப்பன் அவளோடு பேசவில்லை. பூவிழிதான் ஊரில் இருட்டியதும் போன் போடுவாள். அன்றைக்கு வேலை முடிந்து எல்லோரும் முகாம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். தனகோடி மட்டும் மேசையில் சாய்ந்தபடி போனைக் காதில் வைத்திருந்தாள்.

"அப்பா இன்னா பண்றாரு?"

"கெணத்தாண்ட கீறாருமா. தண்ணி சேந்தறாரு. தோல் ஷாப்புக்கு போலம்மா. வண்டி ஓட்டறேன்னு சொல்லிகினு கீறாரு." குரலைத் தணித்தாள். "ஒன்னு சொல்லட்டா? நீ அனுப்பின போட்டோவ நேத்து எட்த்து பாத்துகினு இருந்தாரு. நான் வந்ததும் வெச்சிட்டாரு."

தனகோடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று சிரித்து.

"ஐய, கரண்டு போயிடுச்சிமா," என்றாள் பூவிழி.  பிறகு, "அப்பா? அப்பா, இன்னாத்துக்கு அப்டியே நிக்கற? அம்மா, கயிற கையில வெச்சிகினு கெணத்துக்குள்ள குனிஞ்சிகினே நிக்கறாரும்மா. கூப்ட்டா திரும்ப மாட்றாரு. வாளி இழுக்குதும்மா!"

மணி அவன் பயத்தைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அந்த இருட்டை வெளியே எடுக்கவில்லை.

"பூவிழி, இழுக்காத. கத்தாத. கிட்ட போ. அவரு நெத்தியில கை வை."

"இன்னா?"

"நெத்தியில உன் கைய வைடி. நல்லா அழுத்தி, கனமா வை. வெச்சிட்டு 'கரண்டு போச்சிப்பா, வேற ஒன்னுமில்ல'ன்னு சொல்லு."

கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. மகளின் மூச்சு. பிறகு வெகு தூரத்தில், நீண்ட நாளைக்குப் பிறகு, அவன் குரல்: "யாருது கையி... பூவிழியா?" வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான் போலிருந்தது. அழுகிறானோ சிரிக்கிறானோ தெரியவில்லை.

"உக்காந்துட்டாரும்மா! உன்னாண்ட பேசணும்ங்கறாரு. இரு, குடுக்கறேன்."

தனகோடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று இருந்த இடத்தில் இருந்தபடி, ஒரு விரல்கூட அசையாமல் காத்திருந்தாள்.

பட்டறை விளக்கு அணைந்தது.

கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், வந்துவிடும். கை எழவில்லை.

"தனகோடி," என்றான் கன்னியப்பன். "நீ வெச்ச மணி... நான் அப்டி சொல்லியிருக்க கூடாதுமே."

இருட்டில் போன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"இன்னாமே? கோவமா? ஏதாச்சும் பேசு... பூவிழி, லைன் கீதா பாரு. மூச்சு வுடறது கேக்குது. பேசமாட்றா."